எடைக்குள் இருப்பது என்ன?

1942ஆம் ஆண்டு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா இறங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை. படையில் சேர வரும் இளைஞர்களை உயர-எடை அட்டவணையை வைத்துத்தான் பொறுக்கினார்கள். இந்த உயரத்துக்கு இவ்வளவு எடை, அதைத் தாண்டினால் தகுதியில்லை. கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கியும் அவருடைய சகா வெல்ஹமும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் 25 பேரை அழைத்து, அதே அட்டவணையில் பொருத்திப் பார்த்தார்கள். 17 பேர் தேறவில்லை. முழு வேகத்தில் ஓடிவரும் எதிராளியை மோதி நிறுத்துவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள், அட்டவணைப்படி அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். சிப்பாய் வேலைக்கு ஆகாதவர்கள்.

பென்கிக்கு இந்தக் கேள்வி ஆழ்கடலிலிருந்து வந்தது. கடலுக்கடியில் அதிக அழுத்தத்தில் மூச்சுவிடும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. நீரைவிடக் கொழுப்பு பல மடங்கு நைட்ரஜனைப் பிடித்துவைக்கும். அவசரமாக மேலே வந்தால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். ஆகவே ஒரு மூழ்காளியின் எடை எவ்வளவு என்பதைவிட, அதில் கொழுப்பு எவ்வளவு என்பதே அவருடைய உயிர்ப்பிரச்சினை. பென்கி அதை அளக்கும் வழியை ஆர்க்கிமிடீஸிடமிருந்து எடுத்துக்கொண்டார்: ஆளை நீருக்குள் முக்கி எடை பார்ப்பது.

இருவரை எடுத்துக்கொள்வோம். தரையில் இருவருக்கும் 90 கிலோ. மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, நாற்காலியோடு நீருக்குள் இறங்குகிறார்கள். நுரையீரலில் தங்கிய காற்றைக் கணக்கில் கழித்த பிறகு, ஒருவருக்குத் தராசு 6.7 கிலோ காட்டுகிறது, மற்றவருக்கு 3.5 கிலோ. கொழுப்பு ஒரு லிட்டருக்குச் சுமார் 0.9 கிலோ, அது மிதக்கும். தசை, எலும்பு, நீர் எல்லாம் சேர்ந்த மீதி உடல் லிட்டருக்குச் சுமார் 1.1 கிலோ, அது அமிழும். இந்த இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் முதலாமவர் உடலில் கொழுப்பு சுமார் 8 சதவீதம், இரண்டாமவர் உடலில் 26 சதவீதம். ஒருவர் ஏழேகால் கிலோ கொழுப்பையும் மற்றவர் 23 கிலோ கொழுப்பையும் சுமக்கிறார்கள். மளிகைக்கடைத் தராசுக்கு இருவரும் ஒன்றுதான். தேறாத கால்பந்து வீரர்களில் பெரும்பாலோர் முதல் ஆளின் வகை. அவர்களுடைய கூடுதல் எடை தசை.

உடலமைப்பை அளக்கும் துறை இந்த ஆய்விலிருந்துதான் வேகம் பிடித்தது என்று சொல்லலாம். இன்று தொட்டியில் முக்குவது அரிது. டெக்ஸா என்ற ஊடுகதிர் ஸ்கேனில் சில நிமிடம் மல்லாந்து படுத்தால், எலும்பு, கொழுப்பு, மற்ற திசு என்று மூன்றாகப் பிரித்துக் கை, கால், வயிறு வாரியாகக் கணக்கு வரும். 2023 ஜனவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் யோ-யோ ஓட்டச் சோதனையோடு டெக்ஸாவையும் தேர்வுக்கான அளவுகோல்களில் சேர்த்தது. அதன் பிறகுதான் டீக்கடைப் பேச்சில்கூட இந்தச் சொல் அடிபட ஆரம்பித்தது.

ஆனால் களத்தில் அதிகம் புழங்குவது இடுக்கிதான். மேற்கையின் பின்புறம், தோள்பட்டை எலும்பின் கீழ், மேற்கையின் முன்புறம், இடுப்பெலும்பின் மேல் இரண்டு இடம், தொப்புளின் பக்கம், முன்தொடை, கெண்டைக்காலின் உட்புறம் என எட்டு இடங்களில் அளப்பார்கள். அளப்பவர் முதலில் நாடாவை வைத்து இடத்தைக் கண்டு பேனாவால் குறியிடுவார். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் மட்டும் மடித்து இழுத்து, ஒரு சென்டிமீட்டர் தள்ளி இடுக்கியை வைத்து, இரண்டு விநாடி கழித்து மில்லிமீட்டரைப் படிப்பார். குறி ஒரு விரற்கடை நகர்ந்தாலே எண் மாறிவிடும். தேர்ந்த ஆய்வாளர்கள் இந்த மில்லிமீட்டர்களைச் சதவீதமாக மாற்றாமல், எட்டையும் கூட்டி அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். சதவீதமாக மாற்றும் சூத்திரம் வேறு யாரோ ஒரு கூட்டத்து உடல்களிலிருந்து வந்தது; அதில் மூன்று, நான்கு சதவீதம் பிசகுவது சாதாரணம். ‘உனக்குக் கொழுப்பு 11.3 சதவீதம்’ என்று ஒரு பிள்ளையிடம் யாராவது சொன்னால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்றை நம்பவே வேண்டாம்.

இனி விளையாட்டுகளுக்குள் போவோம். பளுதூக்கும் மேடையில் உடலின் கணக்கு மிகத் தெளிவாகத் தெரியும்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கியின் நைம் சுலைமானோக்லு 60 கிலோ பிரிவில் நின்றார். உயரம் 147 சென்டிமீட்டர். கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவர் தலைக்கு மேல் தூக்கியது 190 கிலோ, தன் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 179 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அது தன் எடையில் இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல். ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021இல் தாஷ்கண்டில் தூக்கிய 267 கிலோ உலகச் சாதனை. அவருடைய எடையோ 180 கிலோவை ஒட்டியது, ஆக ஒன்றரை மடங்கு.

பெரியவர்கள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருளில்லை. தசையின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடல் ஒரே விகிதத்தில் இரண்டு மடங்கு உயர்ந்தால், பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். வலு கூடுகிறது, ஆனால் எடை அதை முந்திக்கொண்டு கூடுகிறது. எனவே மொத்தமாக எவ்வளவு தூக்கினாய் என்று கேட்கும் விளையாட்டில் பெரிய உடல் வெல்லும். உன் உடலை நீயே எவ்வளவு தூக்கிச் சுழற்றினாய் என்று கேட்கும் விளையாட்டில் சிறிய உடல் வெல்லும். 145 கிலோ எடையும் 201 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ரையன் குரவுசர் 2023இல் இரும்புக் குண்டை 23.56 மீட்டர் எறிந்ததும், 142 சென்டிமீட்டர் உயரமுள்ள சிமோன் பைல்ஸ் காற்றில் இரண்டு குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே மூன்று முறை திருகித் தரையிறங்குவதும் ஒரே விதியின் இரண்டு முனைகள். சுழலும் உடலில் பாகங்கள் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுழற்றுவது கடினமாகிறது. அதனால்தான் ஜிம்னாஸ்டிக்ஸில் குட்டை உடலுக்கு இவ்வளவு சலுகை.

மாரத்தானில் கேள்வி வேறு. இரண்டு மணி நேரம், 42 கிலோமீட்டர், ஒவ்வொரு அடியிலும் உடலை மேலே தூக்கி முன்னே எறிய வேண்டும். எலியுட் கிப்சோகே 167 சென்டிமீட்டர், 52 கிலோவை ஒட்டிய உடல். இங்கே எடை குறைவாக இருப்பது மட்டும் போதாது. இருக்கிற எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது. இடுப்பில் கட்டிய 100 கிராம் அவ்வளவு தொல்லை தராது, ஏனென்றால் பாதம்தான் ஒவ்வொரு அடியிலும் பின்னாலிருந்து முன்னால் வீசப்படுகிறது. கென்யாவின் கலெஞ்சின் ஓட்டக்காரர்களின் மெலிந்த கெண்டைக்கால் இந்த இடத்தில்தான் லாபம் தருகிறது. சிறிய உடலுக்கு இன்னொரு வசதியும் உண்டு: எடைக்கு ஏற்பத் தோல்பரப்பு அதிகம், ஆகவே உள்ளே உண்டாகும் வெப்பம் சுலபமாக வெளியேறும்.

வெப்பம் வெளியேறக் கூடாத இடமும் இருக்கிறது. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையில்கூட 16, 17 டிகிரிதான். 1950களில் பிரிட்டிஷ் உடலியலாளர் கிரிஃபித் பியூ, கிரேக்க நீச்சல்காரர் ஜேசன் சிர்கானோஸை ஆராய்ந்தார். பியூ ஒல்லி. சிர்கானோஸ் தோலுக்கடியில் தாராளமாகக் கொழுப்பு வைத்திருந்தவர். 16 டிகிரித் தண்ணீர்த் தொட்டியில் சிர்கானோஸ் மணிக்கணக்கில் சாவகாசமாக இருந்தார். அதே குளிரில் பியூவின் உடல் வெப்பம் மளமளவென்று இறங்கியது. மாரத்தான்காரரிடம் வீண்சுமையாகும் அதே கொழுப்பு இங்கே கம்பளிச் சட்டை, கூடவே மிதவை. அதற்கும் எல்லை உண்டு. 1959இல் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவிலுள்ள, இன்னும் குளிர்ந்த வடக்குக் கால்வாயை நீந்த முயன்றபோது சிர்கானோஸ் இறந்தார். பாக் நீரிணையின் வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய நமக்கு அந்தக் குளிரைக் கற்பனை செய்வதுகூடக் கடினம். 1994இல் 12 வயதுத் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன் பாக் நீரிணையையும் ஆங்கிலக் கால்வாயையும் நீந்தியதை நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருப்பது இதனால்தான். சிறு பிள்ளையின் உடல் பெரியவர் உடலைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும்.

குளத்து நீச்சலில் கொழுப்பைவிட உடலின் வடிவம் பேசுகிறது. மைக்கேல் ஃபெல்ப்ஸின் உயரம் 193 சென்டிமீட்டர். 1500 மீட்டர் ஓட்டத்தில் 1998இல் 3 நிமிடம் 26 விநாடி என்ற சாதனையைப் படைத்த மொராக்கோவின் ஹிஷாம் எல் குவெரூஜ் 176 சென்டிமீட்டர். 17 சென்டிமீட்டர் வித்தியாசம். ஆனால் இருவரின் கால் நீளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒருவர் பேண்ட் மற்றவருக்குச் சரியாக இருக்கும். ஃபெல்ப்ஸின் கூடுதல் உயரம் முழுக்க நெஞ்சிலும் வயிற்றிலும் இருக்கிறது. நீரில் நீண்ட உடல் படகின் அடிப்பாகம்போல வழுக்கிச் செல்லும், இரு கைகளையும் விரித்தால் 2 மீட்டரைத் தாண்டும் நீளம் துடுப்பாகும், நீளமான கால் அங்கே இழுவைதான். தரையில் ஓடுபவருக்கு உடலின் பெரும்பங்கு காலாக இருப்பது வரம்.

சுமோவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, அவர்கள் வெறும் கொழுப்பு என்று. 1994இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று, சுமோ மல்யுத்த வீரர்களின் கொழுப்பு நீங்கலான எடையை அளந்தது. சிலருக்கு அது மட்டுமே 100 கிலோவைத் தாண்டியது, ஒருவருக்கு 120 கிலோவுக்கும் மேல். மனித உடல் இவ்வளவு தசையைக் கட்ட முடியுமா என்ற கேள்விக்கே அவர்கள்தான் விடையாக நின்றார்கள். எடைப் பிரிவே இல்லாத, எதிராளியை வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டிய விளையாட்டில் நிறை என்பதே ஆயுதம். அதை அசைக்கத் தசை வேண்டும். தினமும் பயிற்சி செய்யும் காலத்தில் அவர்களின் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில் தங்குகிறது, சாதாரணப் பருமனில்போல் குடலைச் சுற்றி அவ்வளவாகச் சேர்வதில்லை. பயிற்சியை நிறுத்திய பிறகும் அதே அளவு சாப்பிட்டால் நிலைமை மாறிவிடும்.

இப்படி ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் உடல் என்பது என்றும் இருந்துவந்த உண்மை இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடற்பயிற்சி ஆசிரியர்கள் நம்பியது வேறு: எதிலும் மிகையில்லாத நடுத்தர உடலே எல்லா விளையாட்டுக்கும் ஏற்றது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கெவின் நார்ட்டனும் டிம் ஓல்ட்ஸும் பழைய அளவுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 1920களில் உயரம் தாண்டுபவரும் குண்டு எறிபவரும் சராசரியில் ஒரே உருவம் கொண்டிருந்தது தெரிந்தது. அதே நூற்றாண்டின் இறுதிக்குள் குண்டு எறிபவர், உயரம் தாண்டுபவரைவிடச் சுமார் 6 சென்டிமீட்டர் கூடுதல் உயரமும் 60 கிலோ கூடுதல் எடையும் பெற்றுவிட்டார். பணமும் தொலைக்காட்சியும் வந்து, உலகம் முழுவதிலிருந்தும் ஆள் தேட ஆரம்பித்தபோது, ஒவ்வொரு விளையாட்டும் தனக்கேற்ற உடலைச் சலித்து எடுத்துக்கொண்டது.

‘நீந்தினால் உயரமாகலாம்’, ‘பாஸ்கட்பால் ஆடினால் வளரலாம்’ என்று பிள்ளைகளைச் சேர்த்துவிடும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். உயரமானவர்கள் அங்கே வடிகட்டப்பட்டு நிற்கிறார்கள். பயிற்சி மாற்றக்கூடியவை வேறு. 1977இல் தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, மட்டை பிடிக்கும் கையின் மேற்புய எலும்புச் சுவர், ஆண்களில் மற்றக் கையைவிடச் சுமார் 35 சதவீதம் தடித்திருந்தது. ஒரே ஆள், ஒரே மரபு, ஒரே சாப்பாடு. ஒரு கை மட்டும் அடி வாங்கியது. சைக்கிள் பந்தயக்காரர்களுக்கு நேரெதிர். மணிக்கணக்கில் உழைத்தாலும் உடல் எடை இருக்கையில் தங்கிவிடுவதால், பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாகவே இருக்கிறது.

எந்த ஸ்கேனும் காட்டாத சங்கதிகளும் உள்ளே உண்டு. மாரத்தான்காரர் தொடையிலும் விரைவோட்டக்காரர் தொடையிலும் ஒரு துணுக்குத் தசை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், முன்னவரிடம் சளைக்காத மெதுவான இழைகள் ஐந்தில் நான்கு பங்குவரை இருக்கலாம், பின்னவரிடம் வேக இழைகளே பெரும்பான்மை. டெக்ஸாவுக்கு இரண்டும் வெறும் தசை. உருவத்தை வைத்து ஆளை முடிவுகட்டக் கூடாது என்பதற்கு 100 மீட்டர் ஓட்டமே போதும். 176 சென்டிமீட்டர் உயரமுள்ள மாரிஸ் கிரீன் 1999இல் 9.79 விநாடியில் உலகச் சாதனை செய்தார். அந்த ஓட்டத்துக்கு மிக உயரமானவர்கள் லாயக்கில்லை, கிளம்பும்போதே பின்தங்கிவிடுவார்கள் என்பதே அப்போதைய பேச்சு. பத்து ஆண்டு கழித்து 195 சென்டிமீட்டர் உசைன் போல்ட் பெர்லினில் 41 எட்டுகளில் 9.58 விநாடியில் ஓடி முடித்தார். பெண்களில் 152 சென்டிமீட்டர் ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் 10.60 விநாடி.

ஆனாலும் சராசரி என்ற எண் பிறந்துவிட்டால் அது சும்மா இருப்பதில்லை. வெற்றி பெற்றவர்களுக்குக் கொழுப்பு 7 சதவீதம் என்று ஒரு கட்டுரையில் வந்தால், 7 சதவீதத்துக்கு இறங்கினால் வெற்றி வரும் என்று அடுத்த பருவத்திலேயே ஒரு பயிற்சியாளர் உத்தரவு போடுவார். காரணமும் விளைவும் தலைகீழாகிவிடும். நான் இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எடைப் பிரிவு விளையாட்டுகளில் இதன் விலை கண்முன்னால் தெரிகிறது. 1997இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூவர், ஏறக்குறைய ஒரு மாத இடைவெளிக்குள், எடை குறைக்க வெப்ப அறையில் ரப்பர் உடை போட்டு உழைத்து இறந்தார்கள். அதன் பிறகே கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதியை மாற்றியது: உடலில் நீர் குறையாமல் இருக்கிறதா என்று சிறுநீரில் சோதித்து, 5 சதவீதக் கொழுப்புக்குக் கீழே எவரும் இறங்காதபடி ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தது. ஆணுக்கு மூன்று சதவீதமும் பெண்ணுக்குப் பன்னிரண்டு சதவீதமும் உயிர் இயங்கவே தேவைப்படும் கொழுப்பு என்பது பென்கியின் காலம் தொட்டு வரும் மதிப்பீடு. நரம்பு உறையிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும் அந்தக் கொழுப்பைக் கரைத்துப் பதக்கம் வாங்க முடியாது.

2024 பாரிஸ் ஒலிம்பிக். ஆகஸ்ட் 6 அன்று இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோவுக்குள் எடை காட்டி, அதுவரை வெளிநாட்டவர் யாரிடமும் தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை வென்று, மேலும் இரண்டு போட்டிகளை வென்று இறுதிக்குப் போனார். அன்று மாலை அவர் எடை 52.7 கிலோ. சாப்பிட்ட உணவும் குடித்த நீரும் உடலுக்குள் திரும்பியிருந்தன. தசையில் சேரும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் தன்னோடு மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்கத் தூங்காமல் ஓடி, வெப்ப அறையில் உட்கார்ந்து, கடைசியில் தலைமுடியையும் வெட்டிப் பார்த்தார்கள். மறுநாள் காலை மீண்டும் எடை பார்த்தபோது 50 கிலோ 100 கிராம். ஒரே இரவில் இரண்டரை கிலோவுக்கு மேல் இறங்கிய அந்த எடையில் கொழுப்பின் பங்கு சொற்பம், பெரும்பகுதி நீர். வியர்வைச் சுரப்பிகள் தர மறுத்த 100 கிராம் நீருக்காக, உறுதியாகியிருந்த வெள்ளியும் போயிற்று. விதி விதிதான் என்று அன்று பலர் சொன்னார்கள். விளையாட்டு நடுவர் மன்றமும் ஆகஸ்ட் 14 அன்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மல்யுத்தம் தெரிந்தவர்களை நீர் வற்றிய நிலைக்குத் தள்ளி, பிறகு மோதவிடும் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடைப் பிரிவு இல்லாத விளையாட்டுகளில் சேதம் மெதுவாக, சத்தமில்லாமல் நடக்கிறது. அமெரிக்காவின் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் ஆன் லௌக்ஸ் செய்த சோதனைகள் இதற்கு ஒரு கணக்கைத் தந்தன. 54 கிலோ எடையுள்ள ஓட்டக்காரி ஒருத்தி. கொழுப்பு நீங்கலாக 45 கிலோ. நாளுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறாள், பார்ப்பவர்களுக்கு நன்றாகச் சாப்பிடுகிற பெண். பயிற்சியில் 800 எரிகிறது. மீதி 1200, அதை 45ஆல் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 27கூட வரவில்லை. இந்த எண் 30க்குக் கீழே போனால் ஐந்தே நாளில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனின் துடிப்பு குலையத் தொடங்குவதை லௌக்ஸ் கண்டார். இதயம், மூளை, செரிமானம் ஆகியவற்றுக்கு முதலில் கொடுத்துவிட்டு, உடல் மற்றச் செலவுகளை நிறுத்துகிறது. மாதவிடாய் நிற்கிறது, எலும்பு தேய்கிறது, கால் எலும்பில் மயிரிழை முறிவு வருகிறது. எடை குறைந்த முதல் சில மாதங்களில் ஓட்ட நேரம் முன்னேறவும் செய்யலாம், அதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. மாதவிடாய் நிற்பதைக் கடும் பயிற்சியின் அடையாளமாகப் பெருமையோடு சொல்லும் வழக்கம் ஓட்டக்காரர்களிடையே நெடுங்காலம் இருந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்த நிலைக்குப் பெயரிட்டு அறிக்கை வெளியிட்டு, ஆண்களுக்கும் இது நேரும் என்று பதிவு செய்தது.

பனிச்சறுக்குத் தாண்டலில் விதியையே மாற்றித் தீர்வு கண்டார்கள். லேசான உடல் காற்றில் அதிக தூரம் மிதக்கும் என்பதால் 1990களில் வீரர்கள் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தார்கள். 2004இல் சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனம், ஒரு வீரரின் எடை உயரத்துக்கேற்ற அளவைவிடக் குறைந்தால் அவர் கட்டிக்கொள்ளும் சறுக்குக்கட்டையின் நீளமும் குறைக்கப்படும் என்று அறிவித்தது. கட்டை குட்டையானால் காற்று தாங்கும் பரப்பு குறையும், பட்டினி கிடந்து பெற்ற மீட்டர்கள் அங்கே கழிந்துவிடும். பசியால் கிடைக்கும் லாபத்தை இயற்பியலாலேயே பறித்துக்கொண்ட இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது.

2023இல் ஒலிம்பிக் குழுவின் புதிய அறிக்கை இன்னும் ஒரு படி போனது: மருத்துவக் காரணம் இல்லாவிட்டால் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் உடலமைப்பை அளக்க வேண்டாம். பெரியவர்களிடமும் முதலில் சம்மதம் கேட்க வேண்டும், தனியறையில் அளக்க வேண்டும், முடிவை மருத்துவரோ உணவியலாளரோ உட்கார்ந்து விளக்க வேண்டும், அணியின் பலகையில் எழுதி ஒட்டக் கூடாது. இப்படி நடக்கும் இடங்களில் எட்டு மடிப்புகளின் கூட்டுத்தொகை அந்த ஒருவரின் பழைய அளவுகளோடு மட்டுமே ஒப்பிடப்படுகிறது. அதே தாளில், அதே மாதங்களுக்கு நேராக, அவருடைய ஓட்ட நேரமும் தூக்கமும் காயங்களும் மாதவிடாய்த் தேதிகளும் குறிக்கப்படுகின்றன. ஒருத்திக்கு 60 மில்லிமீட்டரில் சிறந்த நேரம் வந்திருக்கும், அவளோடு ஓடுகிறவளுக்கு 80 மில்லிமீட்டரில். 80ஐ 60 ஆக்கச் சொல்லி அந்தத் தாளில் எதுவும் எழுதப்படுவதில்லை.